பேய் நாயும் பெயரில்லாத பெண்ணும்

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துப்பறியும் நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நம்மைக் கேட்டார்கள். பஞ்சப்படியைப் பற்றிப் பேச வேண்டும், கூலியைப் பற்றிப் பேச வேண்டும், இந்த நேரத்தில் பேய்க் கதை எதற்கு என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சென்ற நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக இந்தப் படிப்பகத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நாவலின் பெயர் "பாஸ்கர்வில் வேட்டைநாய்." எழுதியவர் ஆர்தர் கானன் டாயில் என்ற இங்கிலாந்துக்காரர். நாம் ஆங்கிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டு போனோம். நாம் படித்தது பத்தாவதோடு சரி. ஆகவே தட்டுத் தடுமாறித்தான் சொன்னோம். ஆனாலும் முதல் வாரம் பதினைந்து பேர் இருந்த இடத்தில், நான்காவது வாரம் திண்ணையிலும் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் சங்கு ஊதும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு தோழர், பதினெட்டு வருஷமாக நடுராத்திரியில் தனியாக வீடு திரும்புகிறவர், அன்று மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை காத்திருந்து சேர்ந்து போனார்!

கதை முடிந்ததும் நாம் அபிப்பிராயம் கேட்டோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவற்றில் மூன்று கேள்விகள் நம்மைத் தூங்கவிடவில்லை.

முதல் கேள்வி, ரிங் பிரேமில் வேலை செய்யும் ஓர் இளைஞருடையது. "என்ன தோழர், கடைசியில் வெறும் நாய்தானா? இதற்கா இத்தனை நாள் பயந்தோம்? பேயாகவே விட்டிருக்கலாமே!" என்றார் அவர்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் கொஞ்சம் வெளிப் படிப்பு உள்ளவர். "இப்படிப் பேயை ஓட்டிய டாயில், பிற்காலத்தில் ஆவி இருக்கிறது, தேவதை இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தாராமே, அது எப்படி?" என்று கேட்டார்.

மூன்றாவது, களையெடுப்புக்கும் நடவுக்கும் போகும் ஒரு பாட்டி கேட்டது. கதை முழுவதையும் வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து போகும்போது கேட்டார்: "ஏந் தம்பி, அந்தப் புள்ள பேரு என்னா?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் நமக்குத் தெரிந்த பதிலைச் சொல்லத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

கதை என்ன?

புதிதாக வந்திருப்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்று ஒரு பொட்டல் காடு. கருங்கல் குன்றுகள், மூடுபனி, கால் வைத்தால் ஆளையே விழுங்கும் சேற்று நிலம். அங்கே பாஸ்கர்வில் என்ற ஒரு பிரபுவின் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரு பழைய ஏடு இருக்கிறது, 1742-ம் வருஷத் தேதி போட்டது. அதற்கும் நூறு வருஷம் முந்தி ஹ்யூகோ என்ற மூதாதை செய்த அக்கிரமம் அதில் எழுதியிருக்கிறது.

ஹ்யூகோ ஒரு குடியானவனின் மகளை ஆள் கூட்டிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்து மாளிகையின் மேல் அறையில் அடைக்கிறான். கீழே குடியும் கூத்தும். அந்தப் பெண் சுவரில் படர்ந்திருந்த கொடியைப் பிடித்து இறங்கித் தகப்பன் வீட்டை நோக்கி இருட்டில் ஓடுகிறாள். ஹ்யூகோ வேட்டைநாய்களை அவள் மேல் ஏவிவிட்டுக் குதிரையில் துரத்துகிறான். பின்னால் போன அவன் கூட்டாளிகள் கண்டது என்ன? ஓடிய களைப்பாலும் பயத்தாலும் அந்தப் பெண் செத்துக் கிடக்கிறாள். பக்கத்தில் ஹ்யூகோ. அவன் கழுத்தைக் கடித்துக் குதறிக்கொண்டு கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கரும்பூதம்; கண்கள் நெருப்பாய் எரிகின்றன. அன்று முதல் அந்த வம்சத்தை நாய்ச் சாபம் துரத்துகிறது என்று ஐதீகம்.

பிறகு சார்லஸ் பிரபுவின் காலம். அவர் இரவில் தோட்டத்துப் பாதையில் செத்துக் கிடக்கிறார். உடம்பில் காயம் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய நாயின் காலடித் தடம். வாரிசாகக் கனடாவிலிருந்து ஹென்றி வருகிறார். அவரையும் பேய் அடித்துவிடுமோ என்று பயந்து மார்ட்டிமர் என்ற டாக்டர், லண்டனில் இருக்கும் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸிடம் போகிறார். ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார்: சேற்று நிலத்துக்கு அருகில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த ஸ்டேபிள்டன் என்பவன் உண்மையில் அதே குடும்பத்து வாரிசு. சொத்துக்காக, லண்டன் கடையில் ஒரு ராட்சத நாயை வாங்கி, பாழடைந்த தகரச் சுரங்கத்தில் மறைத்து வைத்து, முகத்தில் இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் மருந்தைப் பூசி ஏவிவிட்டவன் அவன்தான். இதய நோய்க்காரரான சார்லஸ் அதைக் கண்ட பயத்திலேயே மாண்டார். கடைசியில் நாய் சுடப்படுகிறது. ஸ்டேபிள்டன் சேற்றில் மறைகிறான்.

இதுதான் கதை.

இங்கிலாந்து வாசகர்கள் செய்தது

இங்கே நம் தோழர்கள் வாசலில் நின்றது போலவே, அங்கேயும் நின்றார்கள். இந்தக் கதை "ஸ்ட்ராண்ட்" என்ற ஆறு பென்ஸ் மாதப் பத்திரிகையில் 1901 ஆகஸ்டிலிருந்து 1902 ஏப்ரல் வரை ஒன்பது மாதம் தொடர்கதையாக வந்தது. முதல் மாதப் பகுதியை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது ஒரு பிரம்மாண்டமான நாயின் காலடி" என்று சொல்லும் இடத்தில்! பிறகு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பத்திரிகையின் விற்பனை முப்பதாயிரம் பிரதிகள் கூடியதாகச் சொல்லுகிறார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஷெர்லக் ஹோம்ஸை எழுதி எழுதிச் சலித்துப்போன டாயில், 1893 டிசம்பரில் வந்த கதையில் அவரை ஸ்விட்சர்லாந்து நாட்டு நீர்வீழ்ச்சி ஒன்றில் தள்ளிக் கொன்றுவிட்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். இருபதாயிரம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. ஓர் அம்மாள் வசைச் சொல்லோடு ஆரம்பித்துக் கடிதம் எழுதியதை டாயிலே பிற்காலத்தில் தம் சுயசரிதையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். லண்டன் வாலிபர்கள் கையில் கறுப்புத் துணி கட்டித் துக்கம் கொண்டாடினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு அந்தக் காலத்துச் சான்று கிடைக்கவில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே அதை நாம் நம்ப வேண்டியதில்லை. துப்பறியும் கதையைப் பற்றிப் பேசும்போதாவது சாட்சியம் கேட்க வேண்டும் அல்லவா!

எட்டு வருஷம் கழித்து வந்த இந்த நாய்க் கதையில் ஹோம்ஸ் மறுபடி தலைகாட்டினார். ஆனால் இது அவர் சாவதற்கு முந்தி நடந்த கதை என்று டாயில் வைத்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை. 1903-ல் அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவரும்படி ஆயிற்று. எழுத்தாளன் கொன்றவனை வாசகர்கள் பிழைக்க வைத்தார்கள்!

யார் இந்த வாசகர்கள்? 1870-ல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன குமாஸ்தாக்களும், கடைச் சிப்பந்திகளும், தொழிலாளிகளும் முதல் தலைமுறையாகப் படிக்க ஆரம்பித்தார்கள். ரயிலில் வேலைக்குப் போகும் நேரத்தில் படிக்க அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. அந்தப் பசிக்குப் பிறந்ததுதான் இந்த மாதிரிப் பத்திரிகை. நம் நாட்டிலும் இப்படித்தான். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றவர்கள் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிய துப்பறியும் நாவல்களைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் உண்டு. துப்பறியும் கதை மட்டம் என்று முகம் சுளிக்கும் பெரிய மனிதர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

வெறும் நாய்தானா?

இப்பொழுது முதல் கேள்விக்கு வருவோம். பேயாகவே விட்டிருக்கலாம் என்றார் நம் இளைஞர். அவர் ஒருவர் மட்டும் சொன்னதல்ல. நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ வாசகர்களின் குறை அது. மூடுபனியிலிருந்து நெருப்பு மூச்சு விட்டுக்கொண்டு அந்த நாய் பாயும் பக்கத்தைப் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் "இது பாஸ்பரஸ்" என்று படித்தால் சப்பென்று ஆகிவிடுகிறது.

ஆனால் தோழரே, நீங்கள் ஏமாந்தது எங்கே என்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் உங்களை ஏமாற்றவில்லை. ஆரம்பத்திலேயே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். லண்டன் ஹோட்டலில் ஹென்றியின் புது பூட்ஸ் ஒன்று காணாமல் போகிறது. பிறகு அது திரும்பி வருகிறது. பழைய பூட்ஸ் ஒன்று காணாமல் போகிறது. நாம் படித்தபோது எல்லோரும் சிரித்தோம். சிரிக்காமல் யோசித்தவர் ஹோம்ஸ் ஒருவர்தான். புது பூட்ஸில் மனித வாடை ஏறியிருக்காது, பழையதில்தான் ஏறியிருக்கும். வாடை யாருக்கு வேண்டும்? நாய்க்கு வேண்டும். பேய்க்கு மோப்பம் பிடிக்கப் பழைய செருப்பு எதற்கு? அந்த ஒரு பூட்ஸிலேயே பேய் செத்துவிட்டது!

இன்னொன்றையும் கவனியுங்கள். பேய் என்ற நம்பிக்கை இங்கே யாருக்கு உதவியது? கொலைகாரனுக்கு உதவியது. அவன் பேயை உண்டாக்கவில்லை. ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த பயம் அங்கே தயாராக இருந்தது. அவன் செய்ததெல்லாம் அதற்கு ஒரு நாயை வாங்கி மருந்து பூசியதுதான்.

இதில் படித்தவர்களின் பங்கு என்ன? டாக்டர் மார்ட்டிமர் விஞ்ஞானம் படித்தவர். பிணத்துக்கு அருகில் நாயின் காலடியைத் தம் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். சாவு விசாரணையில் அவர் அதைச் சொன்னாரா? சொல்லவில்லை! படித்தவன் பேயை நம்புகிறான் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம். ஏற்கெனவே கெட்ட பெயரெடுத்த மாளிகை ஆளில்லாமல் கிடக்குமே என்ற கவலை வேறு. ஆகவே வாயை மூடிக்கொண்டார். இயற்கை மரணம் என்று தீர்ப்பாகிவிட்டது. கொலைகாரனுக்கு அடுத்த ஆளைத் தேட அவகாசம் கிடைத்தது. ஊரார் பயந்து பேசினார்கள். டாக்டர் வெட்கப்பட்டு மறைத்தார். இரண்டில் எது அதிகக் கேடு செய்தது? நம்மைக் கேட்டால், சாட்சி சொல்லாத டாக்டரின் மௌனம்தான் என்று சொல்வோம்.

ஒளிரும் மருந்து

பாஸ்பரஸைப் பற்றி ஒரு வார்த்தை. நாயின் முகத்தில் பூசியது ஏதோ தந்திரமாகச் செய்த, வாடையே இல்லாத பாஸ்பரஸ் கலவை என்று கதை சொல்லுகிறது. அது கதாசிரியரின் வசதி. உண்மையான வெள்ளைப் பாஸ்பரஸ் இருட்டில் ஒளிரும் என்பது நிஜம். ஆனால் கடும் விஷம், தோலைச் சுட்டுவிடும். அதைப் பூசிய நாய் பாய்வதற்கு முன்பே கதறியிருக்கும்.

அந்தச் சரக்கு லண்டன் ஏழைகளுக்குப் புதிதல்ல. கதை வருவதற்குப் பதின்மூன்று வருஷம் முந்தி, 1888 ஜூலையில், லண்டன் கிழக்குப் பகுதியில் பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சொற்பக் கூலி, அபராதப் பிடித்தம், வேலை செய்யும் இடத்திலேயே சாப்பாடு. வெள்ளைப் பாஸ்பரஸ் புகையை நாளெல்லாம் சுவாசித்ததால் தாடை எலும்பு அழுகிப்போகும் நோய் அவர்களைத் தின்றது. அன்னி பெசன்ட் அம்மையார் அவர்கள் நிலையைப் பற்றி எழுதிய கட்டுரை போராட்டத்துக்கு வழிவிட்டது. பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் குடியேறினாரே, அதே அம்மையார்தான். பெண்கள் வென்றார்கள், அபராத முறை ஒழிந்தது. ஆனால் விஷம் உடனே போகவில்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் 1908-ல் நிறைவேறி, 1910-ல்தான் அமலுக்கு வந்தது.

ஒரு பிரபுவை நாய் துரத்தினால் லட்சக்கணக்கானோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள். அதே பாஸ்பரஸ் ஆயிரம் பெண்களைத் துரத்தியபோது அதைத் தொடர்கதையாக யாரும் எழுதவில்லை. இது டாயிலின் மேல் குற்றமல்ல. அவர் எழுத வந்தது வேறு. ஆனால் படிக்கிற நாம் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கதைக்குள்ளேயே இப்படி ஓர் இடம் உண்டு. செல்டன் என்ற கைதி டார்ட்மூர் சிறையிலிருந்து தப்பிக் குன்றுகளில் ஒளிந்திருக்கிறான். கொலைகாரன்தான், நல்லவன் அல்ல. மாளிகை வேலைக்காரி அவனுடைய அக்காள். அவளும் புருஷனும் ராத்திரியில் ஜன்னலில் மெழுகுவர்த்தி காட்டி அவனுக்குச் சோறு அனுப்புகிறார்கள். ஹென்றி பிரபு தம் பழைய துணிகளை வேலைக்காரனுக்குத் தானமாகக் கொடுக்க, அது செல்டனுக்குப் போய்ச் சேருகிறது. துணியில் பிரபுவின் வாடை. நாய் அவனைத் துரத்துகிறது; அவன் பாறையிலிருந்து விழுந்து சாகிறான். செத்தது ஹென்றி என்று எண்ணி ஹோம்ஸ் கலங்குகிறார். முகத்தைப் பார்த்து, செத்தது கைதி என்று தெரிந்ததும் சந்தோஷத்தால் குதித்து ஆடி வாட்சனின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்!

இந்த இடத்தைப் படித்தபோது நம் படிப்பகத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: "பெரிய வீட்டுப் பழைய சட்டையைப் போட்டதுக்கு உயிரே போச்சே." அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கைதிக்காக அழுதவள் அக்காள் ஒருத்திதான்.

பேயை ஓட்டியவர் பேயை நம்பிய கதை

இரண்டாவது கேள்வி. டாயில் எப்படி ஆவிகளை நம்பினார்?

அவர் டாக்டர் படிப்புப் படித்தவர். அவருக்குள் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது 1900-ல் ராணுவ ஆஸ்பத்திரியில் சேவை செய்தார். அதோடு நிற்காமல் பிரிட்டிஷ் ஆட்சி செய்ததையெல்லாம் நியாயப்படுத்தி 1902-ல் பிரசுரமும் எழுதினார். அந்த வருஷமே "சர்" பட்டம் கிடைத்தது. கதையில் சார்லஸ் பிரபுவின் பத்து லட்சம் பவுனை நெருங்கும் சொத்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: தென்னாப்பிரிக்கச் சூதாட்ட வியாபாரத்திலிருந்து! அந்தப் பணம் யார் உழைப்பு என்று ஹோம்ஸ் துப்பறியவில்லை.

ஆனால் அதே டாயில், ஜார்ஜ் எடால்ஜி என்ற வக்கீலுக்காகப் போராடினார். பம்பாய்ப் பார்சி வம்சத்தில் வந்து பாதிரியாரான ஒருவரின் மகன் அவர். கால்நடைகளை வெட்டியதாக 1903-ல் அவரைச் சிறையில் போட்டார்கள். டாயில் நேரில் ஆராய்ந்தார். கிட்டப் பார்வைக்காரரான அவர் இருட்டில் வயல் தாண்டிப்போய் அதைச் செய்திருக்க முடியாது என்று காட்டினார். 1907-ல் எடால்ஜிக்கு மன்னிப்பு வந்தது. காங்கோவில் ரப்பருக்காக பெல்ஜிய அரசன் நடத்திய கொடுமைகளைக் கண்டித்து 1909-ல் புத்தகம் எழுதினார். ஆகவே அவரை ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

ஆவி விஷயம் அவருக்கு இளமையிலிருந்தே ஈடுபாடு. 1916-ல் வெளிப்படையாக அறிவித்தார். முதல் உலக யுத்தத்தின் நடுப்பகுதி அது. பிரிட்டனில் மட்டும் ஏழு லட்சம் சிப்பாய்களுக்குக் குறையாமல் மடிந்த யுத்தம். அவருடைய மகன் யுத்தத்தில் காயப்பட்டு, 1918-ல் விஷக் காய்ச்சலில் இறந்தார். 1919-ல் தம்பியும் போனார். இங்கிலாந்து முழுவதும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஆவியோடு பேசும் கூட்டங்களுக்குப் போய் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைக் கொன்ற யுத்தம் எதற்கு நடந்தது என்று கேட்பதைவிட, பிள்ளை சுகமாக இருக்கிறேன் என்று சொல்லும் குரலைக் கேட்பது சுலபமாக இருந்தது. அந்தத் தாய்மார்களைப் பார்த்து நாம் சிரிக்க மாட்டோம்.

ஆனால் தேவதைப் படங்களின் கதையைக் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். 1917-ல் பிராட்போர்டு என்ற கம்பளி ஆலை நகரத்துக்கு அருகே, காட்டிங்லி என்ற கிராமத்தில், பதினாறு வயதும் ஒன்பது வயதுமான இரண்டு பெண்கள் ஓடைக்கரையில் தேவதைகளோடு இருப்பதாகப் போட்டோ எடுத்தார்கள். டாயில் நம்பினார்! 1920 டிசம்பரில், அந்த நாய் ஓடிய அதே "ஸ்ட்ராண்ட்" பத்திரிகையில் அந்தப் படங்களை வெளியிட்டார். 1922-ல் புத்தகமே போட்டார். அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 1983-ல், பாட்டிகளாகிவிட்ட அந்தப் பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். ஒரு படப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் செடியில் குத்தி வைத்த காகிதத் தேவதைகள் அவை. அந்தப் படப் புத்தகத்தில் டாயில் எழுதிய கதையும் ஒன்று இருந்தது! ஹோம்ஸ் அந்தப் படத்தைக் கையில் வாங்கியிருந்தால் முதலில் ஊசியைத் தேடியிருப்பார்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? புத்தி கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அடுத்தவர் வீட்டுப் பேயை ஓட்டுவது சுலபம்; நாம் நம்ப ஆசைப்படுகிற பேயை ஓட்டுவதுதான் கஷ்டம். ஆனால் ஒன்றை டாயிலுக்கு மரியாதையாகச் சொல்ல வேண்டும். தாம் ஆவிகளை நம்பிய காலத்திலும் ஹோம்ஸை அவர் நம்ப வைக்கவில்லை. 1924-ல் எழுதிய ரத்தக் காட்டேரிக் கதையில்கூட, ஹோம்ஸ் பேய்களுக்குத் தம்மிடம் வேலையில்லை என்று தள்ளிவிட்டு, மனிதக் காரணத்தைத்தான் கண்டுபிடிக்கிறார். வாசகர்களிடம் ஒப்படைத்துவிட்ட ஹோம்ஸைத் தம் ஆசைக்காக அவர் கெடுக்கவில்லை.

அந்தப் புள்ள பேரு என்னா?

கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டோம். இதற்காகப் புத்தகத்தை மறுபடி புரட்டினோம். நாய்க் கடைக்காரன் பெயர் இருக்கிறது. நாயை மறைத்து வைத்த சேற்று நிலத்துக்கும் பெயர் இருக்கிறது. கொடியைப் பிடித்து இறங்கி ஓடிச் செத்த அந்தக் குடியானவன் மகளுக்குப் பெயர் இல்லை. எல்லோரும் பாஸ்கர்வில் வம்சத்தின் சாபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சாபம் ஏன் வந்தது, யார் செத்ததால் வந்தது என்பதை யாரும் இரண்டாம் முறை நினைக்கவில்லை.

டாயில் இந்தக் கதையை வெறும் கற்பனையில் எடுக்கவில்லை. பிளெட்சர் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் நண்பர் 1901-ல் அவருக்கு ஒரு நாய் ஐதீகத்தைச் சொன்னார். இருவரும் டார்ட்மூரைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் பக்பாஸ்ட்லி என்ற ஊரில் 1677-ல் இறந்த ரிச்சர்டு கேபல் என்ற பிரபுவைப் பற்றி இப்படிப்பட்ட பேச்சு உண்டு. அவர் கல்லறையைச் சுற்றிக் கருநாய்கள் ஊளையிடும் என்பார்கள். கல்லறைக்கு மேல் இரும்புக் கம்பி போட்ட ஒரு சிறு கட்டடம் இன்றும் நிற்கிறது.

இந்த மாதிரிக் கதைகளை ஜனங்கள் ஏன் சொன்னார்கள்? அந்தக் கால இங்கிலாந்துக் கிராமத்தில் நியாயம் வழங்கும் மாஜிஸ்டிரேட் யார்? அநேகமாக நிலச்சொந்தக்காரரான பிரபுதான். மகளைப் பறிகொடுத்த குடியானவன் யாரிடம் போய் வழக்குச் சொல்வான்? மனிதக் கோர்ட்டில் கிடைக்காத தீர்ப்பை, ஜனங்கள் ஒரு கறுப்பு நாயிடம் ஒப்படைத்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த அளவில் பேய்க் கதை ஏழையின் மனுதான். ஆனால் அதை நம்பிப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தால், அடுத்த ஸ்டேபிள்டன் அதே நாயைத் தன் காரியத்துக்குப் பிடித்துக்கொள்வான்.

"பேரு புத்தகத்தில் இல்லை, ஆயா" என்று நாம் பாட்டியிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"எங்க ஊருல பெரிய கெணறு ஒண்ணு இருக்கு தம்பி. பேய்க் கெணறும்பாங்க. பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாதும்பாங்க. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. பண்ணையில சாணி அள்ளப் போன புள்ள ஒண்ணு அதுல கெடந்துச்சு. பேய் அடிச்சிருச்சுன்னாங்க. போலீசு வரல, ஒண்ணும் வரல. அது பேயி இல்ல தம்பி. அது எங்கூட நாத்துப் பறிச்ச புள்ள. அது பேரு எனக்குத் தெரியும்."

அந்தப் பெயரையும் சொன்னார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று பாட்டி கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

தோழர்களே! டாக்டர் மார்ட்டிமர் வெட்கப்பட்டு மறைத்ததை, எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் அறுபது வருஷம் மனதில் காப்பாற்றி வைத்திருந்து நம்மிடம் சொன்னார். இந்த நாவலுக்கு உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்கள். 1981-ல் சோவியத் நாட்டில் இதைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோது, அதில் ஹோம்ஸாக நடித்த லிவனோவுக்கு இங்கிலாந்து அரசாங்கமே பிற்பாடு கௌரவப் பட்டம் கொடுத்தது. அந்த அபிப்பிராயங்களோடெல்லாம் நம் பாட்டியின் கேள்வியையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

ஆகவே துப்பறியும் கதையைத் தாராளமாகப் படியுங்கள். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுங்கள். அது கதையின் சுகம். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு ஹோம்ஸ் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பேயால் யாருக்கு லாபம்? பிறகு பாட்டி கேட்ட கேள்வியையும் கேளுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு பேய்க் கிணறோ, பேய்ப் புளியமரமோ இருக்கலாம். அங்கே செத்தது யார், எப்படிச் செத்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இங்கேயே கூடுவோம். அன்று நாம் வாசிக்கப் போவதில்லை; நீங்கள் சொல்லப் போகிறீர்கள், நாம் எழுதிக்கொள்ளப் போகிறோம்.